பெட்டிக்குத் தெரிந்த ஆள்

அந்த வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். வீடியோ தளத்தில் கணக்கு ஒன்றுதான். வரவேற்பறை டிவியில், பெசாமினோவின் போனில், அவன் அக்கா லாங்கியின் போனில், எல்லாவற்றிலும் அதே கணக்கு. ஆகவே தளத்தின் பார்வையில் நியூசிலாந்தின் ஓட்டாஹுஹுவில் அந்த முகவரியில் குடியிருந்தது ஒரே ஒரு ஆள். விசித்திரமான ஆள். காலை ஏழு மணிக்குப் பச்சைப் பசையைப் பிசைந்து இழுத்து விளையாடும் வீடியோக்களைப் பார்ப்பார். சாயங்காலம் ரக்பி. ஞாயிறு விடிந்தால் சமோவ சபைப் பாடல்கள். பின்னிரவு மூன்று மணிக்கு, கைவிடப்பட்ட சுரங்கங்களுக்குள் டார்ச் அடித்துக்கொண்டு நடப்பவர்களின் பின்னால் போவார்.

சுரங்கம் பார்ப்பது பெசாமினோ. ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். பல்கலைக்கழகத்தில் ஒன்றரை வருடம் கணினி படித்துவிட்டு விட்டவன். விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அவ்வளவுதான்.

அவன் அப்பா ஃபாலானிகோ திட்டவில்லை. மகனுக்கு இடம் கிடைத்த செய்தியைச் சபையில் எழுந்து நின்று அறிவித்தவர், அவன் விட்ட செய்தியை எங்கேயும் சொல்லவில்லை. படிப்பு என்ற பேச்சையே எடுக்கவில்லை. இரண்டு வருடமாக இருவருக்கும் இடையே வண்டிச் சாவி, மழை, சாப்பாடு ஆகிய மூன்றும்தான் பேச்சு. அம்மா இருந்திருந்தால் நாலாவதாக ஒன்றைச் சேர்த்திருப்பாள். அவள் மூத்த மகளின் பிரசவத்துக்காக பிரிஸ்பேன் போய் நாலு மாதமாகிறது.

அப்பா முப்பத்தொரு வருடமாக ஒரே குளிர்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மதியம் இரண்டு மணிக்கு வேலை. கிடங்கு கை மாறியது. புதிதாக வந்தவர்கள், வண்டி ஓட்டும் எல்லோரும் எழுத்துத் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். நாற்பது கேள்வி, முப்பத்திரண்டு சரியாக இருக்க வேண்டும், எல்லாம் ஆங்கிலத்தில். தேறாதவர்கள் வண்டியை விட்டு இறங்கி, உறைபனி அறைக்குள் கையால் பெட்டி அடுக்கப் போக வேண்டும். மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. அப்பாவுக்கு வயது ஐம்பத்தெட்டு, வலது முழங்காலில் அறுவை சிகிச்சை. அந்த அறையில் அவர் ஒரு குளிர்காலம் தாங்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது இதை ஒரு வேடிக்கையைப் போலச் சொன்னார்.

"நான் ஓட்டுற வண்டியப் பத்தி எங்கிட்டயே கேள்வி கேக்கப் போறானுங்களாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கேள்விகள் காகிதத்தில் வரும் என்பதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை காலை வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது பெசாமினோ போனைத் திறந்தான். முதல் பக்கத்தில் ஒரு மாற்றம். பசைக்கும் ரக்பிக்கும் நடுவே நடனமாடும் யானைகள் வரிசையாக நின்றன. யானையின் வயிற்றில் ஆங்கில எழுத்து. எழுத்தின் பெயரைச் சொல்லி யானை குதிக்கிறது. லாங்கியின் சின்னவன் வேலையாக இருக்கும் என்று நினைத்தான். சின்னவனுக்கு ஆறு வயது, யானைகளுக்குக் கொஞ்சம் மூத்தவன்தான். பார்த்தவை பட்டியலைத் திறந்தான். செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பத்திரண்டு. அதற்கு முந்தைய நாள் பத்து முப்பது. அந்த நேரத்தில் லாங்கியின் பிள்ளைகள் இரண்டும் பள்ளியில். லாங்கி வேலையில். அவன் பின்பக்கக் கராஜில் போர்வைக்குள். வீட்டில் மிச்சமிருப்பது ஒரே ஒருவர்.

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. இறங்கி நடந்தான்.

அப்பா சமோவ வேதாகமத்தை ஓடும் தண்ணீர் போல வாசிப்பார். ஆங்கிலம் பேசுவார், சண்டை போடுவார், மேலாளர்களைக் கேலி செய்வார். ஆனால் அச்சடித்த ஆங்கிலம் வந்தால் மூக்குக் கண்ணாடி சரியில்லை என்பார். லாங்கி வாசித்துச் சொல்வாள். வருடக்கணக்காக அந்த வீட்டில் ஒரு மூக்குக் கண்ணாடிக்கு இப்படிப் பழி விழுந்துகொண்டிருந்தது.

நடந்தது என்னவென்று அவனுக்கு விளங்கியது. அப்பா ரிமோட்டின் மைக்கை அழுத்தி, இங்கிலீஷ் வாசிக்கணும் என்று சொல்லியிருக்கிறார். டிவிப் பெட்டிக்கு ஆளைத் தெரியாது. எதை அழுத்தினாய், எத்தனை நிமிடம் பார்த்தாய், எதைப் பாதியில் விட்டாய் என்பதை எண்களாகக் குறித்து வைத்துக்கொள்ளும். அதே மாதிரி எண்கள் உள்ள மற்றவர்கள் அடுத்து எதைப் பார்த்தார்களோ, அதை எடுத்து உன் முன்னால் வைக்கும். பசை பார்க்கிறவன் வாசிக்கக் கேட்டால் அவன் யார்? குழந்தை. கொடு யானையை. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வழி தேடிய மனிதர், காலை பத்தரைக்கு ஆளில்லாத வீட்டில், யானை குதிப்பதைப் பொறுமையாகப் பார்த்திருக்கிறார். பாதியில் விடவில்லை. ஒவ்வொரு வீடியோவின் கீழும் சிவப்புக் கோடு கடைசி வரை போயிருந்தது.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது.

நேரே போய் நான் சொல்லித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். மற்ற வீடுகளில் சொல்லலாம். அந்த வீட்டில் அப்பா உட்கார்ந்திருந்தால் மகன் குனிந்து, "துலோ" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் முன்னால் கடந்து போவான். அவர் தலைக்கு மேல் நின்றுகொண்டு, இது இந்த எழுத்து, இதை இப்படிச் சொல்ல வேண்டும் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. படிப்பை விட்டவன் காட்டவே முடியாது. அப்பாவுக்குப் பாடம் சொல்ல அந்த வீட்டில் உரிமை உள்ளது பெட்டி ஒன்றுக்குத்தான். அது யாருக்கும் மகன் இல்லை.

ஆகவே பெட்டிக்கு அப்பாவைக் கற்றுக்கொடுப்பது என்று முடிவு செய்தான்.

தேடியதில் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து பேசும் ஒரு பெண் அகப்பட்டாள். ஆரஞ்சுச் சட்டை, வெயிலில் காய்ந்த முகம், அவசரமே இல்லாத குரல். ஃபோர்க்லிஃப்ட்டில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு தகட்டையும் விரலால் தொட்டு, வார்த்தை வார்த்தையாக வாசித்து, அர்த்தத்தை வண்டியை ஓட்டியே காட்டுவாள். தேர்வில் வரக்கூடிய கேள்விகளைத் திரையில் பெரிய எழுத்தில் போட்டு இரண்டு முறை படிப்பாள். மொத்தம் நாற்பத்தாறு வீடியோ. நூறு பேர்கூடப் பார்க்காதவை. பெட்டி தானாக இவளிடம் ஒருபோதும் வந்து சேர்ந்திருக்காது.

ரொட்டி வரிசையில் நிற்கும்போது போனைச் சட்டைப் பைக்குள் ஓடவிட்டான். நடுவில் நிறுத்தவில்லை. முழுதாகப் பார்க்கப்பட்டதற்குத்தான் பெட்டியிடம் மதிப்பு. சமீபத்தில் பார்த்ததற்கு அதைவிட மதிப்பு. யானைகளை ஒவ்வொன்றாக அழுத்தி, வேண்டாம் என்றான். பசையையும் வேண்டாம் என்றான். சுரங்கம் பார்ப்பதை விட்டான். மூன்றாம் நாள் பெர்த்காரி முதல் பக்கத்தில் மூன்றாவது கட்டத்தில் வந்து நின்றாள். ஐந்தாம் நாள் முதல் கட்டத்தில். ஆறாம் நாள் பட்டியலைப் பார்த்தபோது, காலை பத்து இருபதுக்கு யாரோ அவளை அழுத்தி, கடைசி வரை பார்த்திருந்தார்கள். அன்று பெசாமினோ நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கினான். அவன் கணக்கில் அது அதிகம்.

சிக்கல் சின்னவனிடமிருந்து வந்தது. பசை காணாமல் போய்விட்டது, எங்கே பார்த்தாலும் ஆரஞ்சு ஆன்ட்டி வருகிறாள் என்று அழுதிருக்கிறான். லாங்கி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருப்பவள். எதையும் பெயர் ஒட்டி அடுக்கி வைக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அன்று சாயங்காலமே டிவி முன் உட்கார்ந்து, ஒரே கணக்குக்குள் ஆளுக்கொரு பக்கமாக ஐந்து பக்கம் பிரித்துவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். அப்பாவுக்கு ஆமைப் படம். பெசாமினோவுக்கு வௌவால்.

"இருட்டுலயே கெடக்குறவனுக்கு அதான் பொருத்தம்" என்றாள்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரே வீட்டில் ஆளுக்கொரு கதவு எதற்கு என்று கேட்டார். ஆனால் மகள் செய்ததை அழிக்கச் சொல்லவில்லை. மறுநாள் காலை ஆமையை அழுத்தினார். புதுப் பக்கம் என்பதால் பெட்டி அவரிடம், உங்களுக்குப் பிடித்த மூன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டது. அவர் எழுத்தைவிட்டுப் படங்களைப் பார்த்து அழுத்தியிருக்கிறார். மீன், ரக்பிப் பந்து, தேவாலயம். பெட்டி சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது. அன்று முதல் ஆமைப் பக்கம் முழுக்கத் தூண்டில் போடுகிறவர்கள். பெர்த்காரி வௌவால் பக்கத்தில் தனியாக வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள்.

தேர்வுக்கு ஒன்பது நாள்.

இனி ஒரே வழி அப்பாவின் பக்கத்துக்குள்ளேயே போவது. அப்பா ஒன்றேகாலுக்கு வேலைக்குக் கிளம்புவார். அதன் பிறகு பெசாமினோ வரவேற்பறைக்கு வந்து, அவர் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து, ஆமையை அழுத்தினான். மற்றவர் பெட்டியைத் திறந்து துணியைக் கலைப்பது போலத்தான் இருந்தது. பெர்த்காரியைத் தேடி ஓடவிட்டான். மீன் வந்தால் வேண்டாம் என்றான். ஒன்றிரண்டு மீனை விட்டுவைத்தான். எல்லா மீனையும் எடுத்தால் அப்பா சந்தேகப்படுவார், அதோடு மனிதருக்கு மீனும் வேண்டும்.

மூன்றாம் நாள் லாங்கி தலைவலி என்று சீக்கிரமே வந்துவிட்டாள். தம்பி தரையில் சுவரில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் இருக்க, திரையில் ஆரஞ்சுச் சட்டை பேசிக்கொண்டிருந்தது. மூலையில் ஆமை.

"அப்பா பக்கத்துல உனக்கு என்னடா வேலை? ரொட்டி போதாதுன்னு வண்டி ஓட்டப் போறியா?"

சொன்னான். யானையிலிருந்து ஆரம்பித்துச் சுருக்கமாகச் சொன்னான். லாங்கி கைப்பையைக் கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"கண்ணாடின்னுதானே சொல்லுவாரு" என்றாள் கடைசியில்.

"நீ அத நம்புனியா?"

அவள் அப்போதுதான் கைப்பையைக் கீழே வைத்தாள். நேரே சொல்லிவிட்டு உட்கார்ந்து படித்துக் கொடுத்தால் என்ன, ஒரு வாரத்தில் இது ஆகிற காரியமா என்று கேட்டாள். அப்படியானால் நீயே போய்ச் சொல்லு என்றான் அவன். திரையைப் பார்த்துக்கொண்டு நின்றவள், நீ போய்ப் படு, நான் துணி தேய்க்கும்போது ஓடவிடுகிறேன் என்றாள். அன்றிலிருந்து ஆமையின் பக்கத்தில் மூன்று பேர் இருந்தார்கள். பெட்டிக்கு அது ஒரே ஆள். ஃபோர்க்லிஃப்ட்டைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் வேண்டாத, பகலெல்லாம் படிக்கிற, அசாத்தியமான ஆள்.

காலைகளில் அப்பா பார்த்தவற்றை பெசாமினோ மத்தியானம் பார்ப்பான். மற்றவை எல்லாம் ஒரு முறை. வண்டி எவ்வளவு பாரம் தாங்கும் என்ற தகட்டைப் பற்றிய வீடியோ மட்டும் நாலு முறை. மறுநாள் இன்னும் இரண்டு. கடைசியாக எங்கே நிறுத்தினார் என்பது கோட்டில் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு, பாரம் பற்றிய வேறு வீடியோக்களைத் தேடி ஊட்டினான். முப்பத்தொரு வருடம் அந்தத் தகட்டுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து ஓட்டியவர். இப்போதுதான் அதை வாசிக்கிறார்.

தான் ஒரு பாடத்தையும் ஆறு முறை பார்த்ததில்லை என்பது அவனுக்கு அப்போது நினைவுக்கு வந்தது. வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தான். வெட்கத்தைவிட நன்றிதான் அதிகமாக வந்தது. இந்த மனிதர் எப்படிப் படிக்கிறார் என்பதைப் பார்க்கக் கிடைத்ததற்கு. அவர் காட்டியிருக்கவே மாட்டார். பெட்டி காட்டியது. அது யாரையும் கேலி செய்யாது. ஐம்பத்தெட்டு வயதில் யானையா என்று புருவம் தூக்காது. அதற்கு வயதே தெரியாது.

வெள்ளிக்கிழமை தேர்வு. அப்பா கஞ்சி போட்ட சட்டையில், சபைக்குப் போவது போலக் காலையிலேயே தயாராகிவிட்டார். வேலைக்கு இந்தச் சட்டை எதற்கு என்று பள்ளிக்குக் கிளம்பிய சின்னவன் கேட்டதற்கு, படம் எடுப்பார்கள் என்றார். பெசாமினோ அன்று தூங்கவில்லை. இரவு எட்டரைக்கு, அவன் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, லாங்கியின் போன் அடித்தது. அப்பா. முப்பத்து மூன்று என்றார். லாங்கி புரியாமல் மறுபடி கேட்டாள்.

"முப்பத்திரண்டு வேணும். ஒண்ணு கூடவே எடுத்துருக்கேன். சாப்பாட்ட எடுத்து வை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஐந்து பேர் எழுதியதில் தேறியது இரண்டு பேர்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் நன்றி சொல்லும் நேரம் வந்ததும் அப்பா எழுந்தார். அவர் எழுந்தால் சுலபத்தில் உட்கார மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் கடவுளுக்கு நன்றி. பிறகு போதகருக்கு, போதகரின் மனைவிக்கு, மூப்பர்களுக்கு, பிரிஸ்பேனில் இருக்கும் தன் மனைவிக்கு, முழங்காலை வெட்டித் தைத்த மருத்துவருக்கு. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் வீட்டு டிவிக்கும் நன்றி என்றார். சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. எனக்கு என்ன தெரியாது என்பதை அது கண்டுபிடித்து, ஒருவரிடமும் சொல்லாமல், தினமும் காலையில் எடுத்து வைத்தது, ஆகவே நன்றி என்று விளக்கமாகவே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எது தெரியாது என்பதை அத்தனை பேர் முன்னால் அவரே சொல்லிவிட்டதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்தே சொல்லியிருக்கவும் கூடும்.

லாங்கி தம்பியை முழங்கையால் இடித்தாள். அவன் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகும் ஆமைப் பக்கத்தில் ஆரஞ்சுச் சட்டைதான். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கராஜ் கதவு தட்டப்பட்டது. அப்பா அங்கே வந்து கதவு தட்டுவது பழக்கமில்லை. முழித்திருக்கிறாயா என்று கேட்டார். முழித்திருக்காவிட்டாலும் வா என்றார். பெசாமினோ வரவேற்பறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தான்.

"நான் பாஸ் பண்ணிட்டேன். இன்னும் அதையே போடுது. பாஸ் பண்ணிட்டான்னு இதுக்கு யாரு சொல்றது?"

"அதுக்குச் சொல்ல முடியாதுப்பா."

"நீ இதத்தானே படிச்ச?"

இரண்டு வருடத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வருவது முதல் தடவை. பெசாமினோ ரிமோட்டைப் பார்த்தான்.

"பாதிதான் படிச்சேன்."

"அந்தப் பாதியில இது வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப சொல்லு."

சொன்னான். பாஸ், ஃபெயில் எல்லாம் அதற்குத் தெரியாது. எதைக் கடைசி வரை பார்த்தீர்கள் என்பது மட்டும்தான் தெரியும். வேறு எதையாவது பத்து நாள் கடைசி வரை பாருங்கள், இவளை அது மெல்ல மறந்துவிடும். அப்பா தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"அப்ப நான் யாருன்னே தெரியாமத்தான் இவ்வளவும் செஞ்சுச்சா?"

"தெரியாது."

"மொதல்ல யானையப் போட்டுச்சு. ஒரு வாரத்துல பெர்த்காரி வந்தா. அப்புறம் மீனு. அப்புறம் திரும்பவும் பெர்த்காரி." விரல் விட்டு எண்ணினார். "மீன் பாக்குறவனுக்கு அவள எதுக்குப் போடணும்?"

திரையில் அந்தப் பெண் நின்ற இடத்தில் விரலை நீட்டிக்கொண்டு நின்றாள். அப்பா அவனை ரொம்ப நேரம் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை.

தேறாத மூன்று பேரில் இரண்டு பேர், சியாவோசியும் மத்தாயோவும், நாளைக் காலை பத்து மணிக்கு இங்கே வருகிறார்கள் என்றார். நாலு வாரத்தில் மறு தேர்வு. சியாவோசிக்குக் கேள்வியே புரியவில்லை. மத்தாயோ பாரத்தில்தான் கோட்டை விட்டான். இருவருக்கும் என்ன வேண்டுமோ அது வருகிற மாதிரி செய்து வை என்றார். தனிப் பக்கம் எல்லாம் வேண்டாம், ஆமையிலேயே இருக்கட்டும் என்றார்.

"மூணு பேரும் ஒரே பக்கத்துல பாத்தா பெட்டி கொழம்பிரும்ப்பா. யாருக்கு எது வேணும்னே அதுக்குத் தெரியாது."

"கொழம்பட்டும்" என்றார் அப்பா. "அதான் நீ இருக்கியே."

மறுநாள் காலை வேலையிலிருந்து வந்ததும் பெசாமினோ படுக்கப் போகும் முன் போனில் ஒன்பதரைக்கு அலாரம் வைத்தான்.